காற்புள்ளி மூச்சின் அளவா, பொருளின் அளவா?

எழுத்துலகில் மிகச் சிறியது புள்ளி. அதனினும் சிறிதாக மதிக்கப்படுவது காற்புள்ளி. கல்லூரி மாணவர்தம் விடைத்தாள்களைப் புரட்டுவோர், தமிழாயினும் ஆங்கிலமாயினும், இரு காட்சிகளைக் காண்பர். ஒரு சாரார் பக்கம் முழுவதும் ஒரு குறியும் இன்றி எழுதிச் செல்வர். மற்றொரு சாரார் கறியில் மிளகுப்பொடி தூவுவதுபோல் நினைத்த இடமெல்லாம் காற்புள்ளியைத் தூவிச் செல்வர். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்களே. குறி என்பது அழகுக்கு இடப்படுவது, இட்டாலும் இடாவிட்டாலும் பொருளுக்கு ஊறில்லை என்னும் எண்ணமே அப்பிழைக்கு வேர்.

அவ்வெண்ணம் தவறானது என்பதும், ஆங்கில வாக்கியத்தில் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் நிற்கவேண்டிய இடத்தைத் தமிழ் இலக்கணம் கற்ற மாணவரே எளிதில் உணரவல்லர் என்பதும், ஆதலின் இக்கல்வியில் தமிழ்த்துறைக்கும் பங்குண்டு என்பதும் நம் கருத்து. ஆங்கிலக் குறிகளைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என வினவுவோர்க்கு இக்கட்டுரையே விடையாகும்.

பெயர் தந்த மயக்கம்

காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என நாம் வழங்கும் பெயர்கள் இனியவை. ஆனால் ஒரு மயக்கத்தையும் உடன் தருபவை. கால், அரை, முக்கால், முழுமை என்னும் இவை அளவுப் பெயர்கள். கேட்ட அளவில், ‘எவ்வளவு நேரம் நிற்பது’ என்பதே குறிகளின் வேலை போலும் என்று மாணவர் கொள்வர். காற்புள்ளியில் ஒரு மாத்திரை, அரைப்புள்ளியில் இரு மாத்திரை என்று எண்ணி நிற்கக் கற்பிக்கும் ஆசிரியரும் உளர்.

ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இவ்வாறே கற்பித்தனர். 1795இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் ஆங்கில இலக்கணம் பல்லாண்டுகள் பள்ளிகளில் கோலோச்சிய நூல். அந்நூல், அரைப்புள்ளியின் நிறுத்தம் காற்புள்ளியினும் இரு மடங்கு, முக்காற்புள்ளியினது அதனினும் இரு மடங்கு, முற்றுப்புள்ளியினது அதனினும் இரு மடங்கு எனக் கணக்கிட்டது. வாய்விட்டுப் படிப்பதே வழக்கமாயிருந்த காலத்தின் கணக்கு அது. இன்றைய ஆங்கில உரைநடை அக்கணக்கைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. இன்று குறி நிற்பது வாக்கியத்தின் உறுப்புகள் ஒன்றோடொன்று எவ்வாறு உறவு கொண்டுள்ளன என்பதைக் காட்டுவதற்கே.

மூச்சை நம்பிக் குறியிடுவோர் எங்கே இடறுகின்றனர் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். ‘தி ஸ்டூடண்ட்ஸ் ஆஃப் தி செகண்ட் இயர் தமிழ் கிளாஸ், ஹேவ் வன் தி ப்ரைஸ்’ என்று எழுதும் மாணவர் பலர். எழுவாய் நீண்டுவிட்டது, மூச்சு வாங்கிற்று, காற்புள்ளி விழுந்தது. ஆயின் எழுவாயையும் அதன் பயனிலையையும் ஒற்றைக் காற்புள்ளியால் பிரித்தல் ஆங்கிலத்தில் வழு. தலைக்கும் உடலுக்கும் இடையே சுவர் எழுப்புவது போன்றது அது.

ஏடும் அச்சும்

நம் முன்னோர்க்கு இக்குறிகள் தேவைப்படவில்லை. ஓலையைத் துளைத்துவிடும் என அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியையே இடாது விட்ட ஏட்டுச் சுவடிகளில் நிறுத்தக்குறிக்கு இடமேது? செய்யுளில் சீரும் அடியும் எல்லை வகுத்தன. சொற்கள் எவ்வெவ்வாறு கூடிப் பொருள் தரும் என்பதற்கு ஆற்றுநீர் முதல் அடிமறிமாற்று ஈறாக எட்டுவகைப் பொருள்கோளை நன்னூல் வகுத்துத் தந்தது. அச்சு வந்து, உரைநடை பெருகி, ஆசிரியர் வாய்மொழி கேளாது தனித்திருந்து படிக்கும் வாசகர் தோன்றிய பின்னரே குறிகளின் தேவை எழுந்தது. தமிழ் உரைநடையில் அவற்றை முறையாக ஆண்ட முன்னோடியாக ஆறுமுக நாவலர் போற்றப்பெறுகின்றார்.

ஐரோப்பாவிலும் அரைப்புள்ளி அச்சின் குழந்தையே. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் நடத்திய அச்சகத்தில், எட்னா எரிமலையைப் பற்றிப் பியட்ரோ பெம்போ எழுதிய நூலில்தான் இன்று நாம் காணும் அரைப்புள்ளி முதலில் அச்சேறியது. காற்புள்ளி போதாது, முற்றுப்புள்ளி மிகை என்னும் இடம் ஒன்று உண்டு என்பதை உணர்ந்தோர் படைத்த குறி அது.

ஓதுதல் கற்பிக்கும் பாடம்

குறி மூச்சுக்கன்று, பொருளுக்கே என்பதற்கு நம் சமுதாயத்தார் தொலைவில் சான்று தேடவேண்டியதில்லை. நம் இல்லங்களில் உள்ள திருக்குர்ஆன் பிரதிகளைத் திறந்தால், வசனங்களின் நடுவே வரிக்கு மேல் சிற்றெழுத்துகள் நிற்கக் காணலாம். ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இமாம் ஸஜாவந்தியின் பெயரோடு வழங்கும் வக்ஃபுக் குறிகள் அவை. ‘மீம்’ இருந்தால் கட்டாயம் நிற்றல் வேண்டும். ‘லாம் அலிஃப்’ இருந்தால் ஆங்கே நிற்றலாகாது. ‘ஜீம்’ இருந்தால் நிற்கவும் தொடரவும் இசைவுண்டு. இரண்டாம் அத்தியாயத்தின் இரண்டாம் வசனத்தில் மும்மூன்று புள்ளிகள் இரண்டிடத்தில் நிற்கின்றன. இரண்டுள் ஒன்றில் நிற்கலாம். இரண்டிலும் நின்றால் இடைப்பட்ட சொல் எதனோடும் சேராது அநாதையாகிவிடும்.

மூன்றாம் அத்தியாயத்தின் ஏழாம் வசனம் இன்னும் ஆழமான சான்று. அதில் இறைவனின் திருப்பெயரை அடுத்து நின்றால், பொருள் வெளிப்படையாக விளங்காத வசனங்களின் உட்கருத்தை அவன் ஒருவனே அறிவான் என்று பொருள்படும். நில்லாது தொடர்ந்தால், கல்வியில் ஆழ்ந்தோரும் அதனை அறிவர் என்று பொருள்படும். அறிஞருள் பெரும்பாலோர் முன்னதையும் ஒரு சாரார் பின்னதையும் கொண்டனர். ஒரு நிறுத்தத்தின் இருபுறமும் பேரறிஞர்கள் நின்று ஆராய்ந்துள்ளனர் எனின், நிறுத்தத்தை அற்பம் என்று தள்ள யாருக்குத் துணிவு வரும்?

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளைக்கு நடுவழியில் மூச்சு முட்டினால் உஸ்தாது என்ன செய்யச் சொல்வார்? நிறுத்திக்கொண்டு, பின்னோக்கிச் சென்று, பொருள் பொருந்தும் இடத்திலிருந்து மீண்டும் ஓதச் சொல்வார். மூச்சு முடிந்த இடம் நிறுத்தத்திற்குரிய இடம் ஆகாது என்பதை ஏழு வயதுப் பிள்ளையே அங்குக் கற்றுக்கொள்கிறது. அப்பிள்ளை வளர்ந்து கல்லூரிக்கு வந்தபின், மூச்சு முடிந்த இடத்தில் காற்புள்ளியிட்டு எழுதுவது வியப்பன்றோ? இறைமறையின் நிறுத்தமும் மனிதர் எழுத்தின் குறியும் ஒரு தரத்தன அல்ல என்பதை நாம் அறிவோம். எனினும் அங்குக் கற்ற விழிப்பை இங்குக் கைவிடவேண்டியதில்லை.

முற்றும் எச்சமும்

இனி இலக்கணத்திற்கு வருவோம். ஆங்கில ஆசிரியர்களை மிகுதியும் வருத்தும் பிழை, தனித்து நிற்கவல்ல இரு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டுவது. ‘தி பஸ் வாஸ் லேட், வீ மிஸ்டு தி எக்ஸாம்’ என்பது போன்றது. தமிழ் மாணவர் இப்பிழையில் விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் மொழியில் முற்றுகள் அடுக்கி வரலாம். ‘வந்தான், கண்டான், சென்றான்’ என்பது நல்ல தமிழ். ‘எழுந்தனன் சென்றான்’ எனும்போது, ‘எழுந்தனன்’ என்னும் முற்று ‘எழுந்து’ என எச்சப்பொருள் தருகிறது. இதனை முற்றெச்சம் என்பர் இலக்கணிகள். முற்று தன் முற்றுத்தன்மையை நெகிழ்த்து அடுத்த வினையைத் தழுவ நம் மொழி இடந்தருகிறது. ஆங்கிலம் அந்நெகிழ்ச்சியை எளிதில் தருவதில்லை. குறுந்தொடர்கள் சில அடுக்கி வரும் அரிய இடங்களைத் தவிர, அங்கு முற்று முற்றே.

ஆகவே மாணவர் கேட்கவேண்டிய வினா ஒன்றே: குறிக்கு இருபுறமும் இருப்பவை முற்றா, எச்சமா?

இருபுறமும் முற்றாயின், இடையே வெறும் காற்புள்ளி நிற்றலாகாது. முற்றுப்புள்ளியிட்டுப் பிரிக்கலாம், ‘ஸோ’, ‘பட்’, ‘அண்ட்’ முதலிய இணைப்புச் சொல்லைக் காற்புள்ளியோடு சேர்க்கலாம், இரு கருத்தும் நெருங்கியனவாயின் அரைப்புள்ளி இடலாம். ‘தி பஸ் வாஸ் லேட்; வீ மிஸ்டு தி எக்ஸாம்’ என எழுதினால், பேருந்தின் தாமதத்தையும் தேர்வின் இழப்பையும் படிப்போரே பிணைத்துக்கொள்வர். ‘ஹௌவெவர்’, ‘தேர்ஃபோர்’ என்னும் சொற்கள் இணைப்புச் சொற்கள் போலத் தோன்றினும் அவ்வாற்றல் உடையன அல்ல. நம் ‘எனினும்’, ‘ஆகவே’ போன்று அவை புதிய வாக்கியத்தின் தலைச்சொற்கள். இரு முற்றுகளுக்கு இடையே அவை வரின் முன்னே அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும்.

ஒருபுறம் எச்சம்போல் சார்ந்து நிற்பதாயின், அது முன்னே வரும்போது காற்புள்ளி பெறும்; பின்னே வரும்போது பெரும்பாலும் பெறாது. ‘வென் தி பெல் ராங், வீ லெஃப்ட்’ என்பதில் குறி உண்டு. ‘வீ லெஃப்ட் வென் தி பெல் ராங்’ என்பதில் இல்லை.

பெயரெச்சத்தின் இடத்தில் ஆங்கிலம் செய்யும் நுட்பம் தனிச்சிறப்புடையது. ‘தி ஸ்டூடண்ட்ஸ் ஹூ அப்ளைடு இன் ஜூன் வில் கெட் தி ஸ்காலர்ஷிப்’ என்று ஓர் அறிவிப்பு வருவதாகக் கொள்வோம். ஜூனில் விண்ணப்பித்தவர்க்கு மட்டுமே உதவித்தொகை என்பது அதன் பொருள். ‘ஸ்டூடண்ட்ஸ்’ என்பதன் பின்னும் ‘ஜூன்’ என்பதன் பின்னும் காற்புள்ளி இட்டுவிட்டால், மாணவர் அனைவர்க்கும் உதவித்தொகை. அவர் அனைவரும் ஜூனில் விண்ணப்பித்தனர் என்பது கூடுதற் செய்தி. ஒரு சொல்லும் மாறவில்லை. ஆயினும் ஜூலையில் விண்ணப்பித்த ஏழை மாணவனின் நிலை மாறிவிட்டது. ‘ஜூனில் விண்ணப்பித்த மாணவர்’ என்னும் தமிழ்ப் பெயரெச்சத் தொடர் இவ்விரு பொருளையும் குறியால் பிரித்துக் காட்டாது. நம் மொழியில் இல்லாத ஒரு கருவியாதலின் அதனை நாம் கூர்ந்து கற்றல் வேண்டும்.

அரைப்புள்ளிக்கு மற்றொரு பணியும் உண்டு. ‘காயல்பட்டினம், தூத்துக்குடி, கீழக்கரை, இராமநாதபுரம், நாகூர், நாகப்பட்டினம்’ என எழுதினால் ஆறு ஊர்கள். ‘காயல்பட்டினம், தூத்துக்குடி; கீழக்கரை, இராமநாதபுரம்; நாகூர், நாகப்பட்டினம்’ என எழுதினால் மாவட்டப் பெயரோடு கூடிய மூன்று ஊர்கள். சிறு பிரிவுக்குக் காற்புள்ளி, அதனை உள்ளடக்கிய பெரும்பிரிவுக்கு அரைப்புள்ளி என்பது இதனால் விளங்கும்.

நீதிமன்றம் ஏறிய குறிகள்

குறி பொருளை ஆளும் என்பது வகுப்பறைக் கற்பனை அன்று. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மிகைநேர ஊதியம் பெறாத பணிகளை ஒரு சட்டம் பட்டியலிட்டிருந்தது. பட்டியலின் இறுதியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்னும் தொடர் நின்றது; ‘ஷிப்மெண்ட்’ என்பதன் பின் காற்புள்ளி இல்லை. பால்பொருள்களை வண்டியில் கொண்டுசென்று தரும் ஓட்டுநர்கள், ‘அனுப்புவதற்கோ பகிர்ந்தளிப்பதற்கோ பொதி கட்டுதல் என்னும் ஒரே பணியைத்தான் இது குறிக்கிறது, நாங்கள் பொதி கட்டுவதில்லை, ஆகவே எங்களுக்கு மிகைநேர ஊதியம் உண்டு’ என வழக்காடினர். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தொடர் ஈரொட்டாக உள்ளது எனக் கண்டு, ஐயத்தின் பயனைத் தொழிலாளர்க்கே தந்தது. 2018இல் அந்நிறுவனம் 50 இலட்சம் டாலர் தந்து இணக்கம் கண்டது. இதற்கிடையே சட்டமன்றம் அப்பட்டியலைத் திருத்திற்று. காற்புள்ளிகள் நின்ற இடங்களில் அரைப்புள்ளிகளை இட்டது!

அதே நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் அரைப்புள்ளியே வழக்காயிற்று. சட்டம் வேறுவகையில் விதிக்கும்வரை தேர்தல்கள் மாவட்டத் தலைமையூர்களில் நடைபெறும் என்று 1869ஆம் ஆண்டு அரசமைப்பு கூறியது. அடுத்து ஓர் அரைப்புள்ளி. அதன்பின், வாக்குப்பதிவு நான்கு நாள் நடைபெறும் என்று இருந்தது. 1873இல் சட்டமன்றம் பதிவை ஒரே நாளாக்கித் தேர்தல் நடந்தபோது வழக்கு எழுந்தது. ‘சட்டம் வேறுவகையில் விதிக்கும்வரை’ என்னும் விலக்கு அரைப்புள்ளியைத் தாண்டிச் செல்லாது, நாள்களைக் குறைக்கும் அதிகாரம் சட்டமன்றத்திற்கு இல்லை, தேர்தல் செல்லாது என்று 1874இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வென்றவர்கள் தீர்ப்பைப் புறக்கணித்துப் பதவி ஏற்றனர். அந்நீதிமன்றத்திற்கு ‘அரைப்புள்ளி நீதிமன்றம்’ என்னும் பட்டப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1940ஆம் ஆண்டு மருந்துகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு பற்றிய ஒரு வழக்கு 1979ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் காணப்படுகிறது. மருந்தை ‘இருப்பு வைத்தல்’ என்னும் பொருள்தரும் ‘ஸ்டாக்ஸ்’ என்னும் சொல்லின் பின் காற்புள்ளி இல்லாமையை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அதனால் ‘விற்பனைக்காக’ என்னும் அடை இருப்பு வைத்தலையும் தழுவும். வெறுமனே கைவசம் வைத்திருத்தல் மட்டும் அப்பிரிவின்கீழ்க் குற்றமாகாது எனக் கொண்டது. ஒரு மனிதன் குற்றவாளியா அல்லனா என்பதில் இல்லாத ஒரு காற்புள்ளி சான்று கூறிற்று.

மறுப்புகளும் விடையும்

‘சட்டப் பொருள்கோளில் நிறுத்தக்குறி சிறு கூறே என்று இதே உச்ச நீதிமன்றம் 1952இல் கூறவில்லையா?’ எனக் கற்றோர் வினவலாம். கூறியது உண்மையே. சொற்களால் பொருள் தெளிவாக இருக்கும் இடத்தில் குறி அதனைப் புரட்ட இயலாது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் குறி வேண்டா என்பதன்று. பொருள் முழுவதையும் ஒரு குறியின் தலையில் சுமத்தாதே என்பதே.

நம் பெரியோர்கள் வக்ஃபுப் பத்திரங்களும் அறக்கட்டளை ஆவணங்களும் எழுதும்போது இதனை மனங்கொள்ளவேண்டும். ‘ஏழை மாணவர், கைம்பெண்டிர், முதியோர் ஆகியோர்க்கு’ என எழுதினால், ‘ஏழை’ என்பது மாணவரோடு நின்றுவிடுகிறதா, மூவரையும் தழுவுகிறதா? எழுதியவர் உள்ளத்தில் ஐயம் இருந்திராது. ஆனால் அவர் மறைந்து ஐம்பதாண்டு கழிந்தபின் அத்தாளே பேசவேண்டும். ‘மாணவர், கைம்பெண்டிர், முதியோர் ஆகியோருள் ஏழைகளாயினார்க்கு’ எனத் தொடரையே மாற்றியமைத்தல் அறிவுடைமை. அறத்திற்கு எழுதிய சொத்து வழக்கிற்கு இரையாகாது காப்பது எழுதுவோன் ஏற்ற அமானிதம்.

‘கைப்பேசிச் செய்தியில் யார் குறியிடுகிறார்கள்? பொருள் விளங்கவில்லையா?’ என இளைஞர் கேட்பர். விளங்கும், விளங்காவிடின் மறுநொடியே திருப்பிக் கேட்கலாம். வேலைவேண்டும் விண்ணப்பத்தையும், வளைகுடா நாட்டு அலுவலகத்தில் எழுதும் ஒப்பந்தக் கடிதத்தையும் படிப்பவர் நம்மைத் திருப்பிக் கேட்கமாட்டார், ஒதுக்கி வைத்துவிடுவார்.

‘ஆங்கிலக் குறி ஆங்கிலத்துறையின் பொறுப்பு’ என்பார்க்கும் விடை கூறவேண்டும். முற்று எது, எச்சம் எது, அடை எதனைத் தழுவுகிறது என்னும் மூன்றும் நம் இலக்கண வகுப்பில் கற்பிக்கப்படுபவை. தமிழ்வழிப் படித்து, ஆங்கிலம் கண்டு அஞ்சி வரும் முதல் தலைமுறை மாணவனுக்கு, அவன் முன்னரே அறிந்த கருவியைக் கையில் கொடுப்பது அவனுக்குச் செய்யும் பேருதவி. ஆங்கில இலக்கணப் பெயர்கள் அவனுக்கு மிரட்சி தரலாம்; ‘முற்றா, எச்சமா’ என்னும் வினா மிரட்சி தராது.

செய்யத்தக்கன

வினையியல் பாடம் நடத்தும் வாரத்தில், தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் கூடி ஒரு மணிநேரம் ஒதுக்கலாம். ஒரு பத்தியிலுள்ள குறிகளையெல்லாம் நீக்கித் தந்து, மாணவரை மீண்டும் இடச் செய்து, ஒவ்வொரு குறிக்கும் காரணம் கேட்கலாம். காரணம் கூற இயலாத குறியை அவரே அழித்துவிடட்டும். ‘அண்ட்’ என்பதற்கு முன் காற்புள்ளி இடுவதா என்பதில் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தார்க்கும் பிரித்தானிய நாளிதழ்கள் பலவற்றிற்கும் வழக்கு வேறுபடுகிறது. அதில் சண்டையிடவேண்டா, ஒன்றைக் கொண்டு அதனையே கட்டுரை முழுதும் கடைப்பிடித்தால் போதும். துறைகளில் எழுதும் அறிவிப்புகளிலும் சுற்றறிக்கைகளிலும் ஆசிரியர்களாகிய நாமே இவ்விழிப்பைக் காட்டுதல் வேண்டும். நம் எழுத்தைக் கண்டே மாணவர் எழுதுவர்.

மாணவச் செல்வங்களே! படிப்பவர் எதிரில் இல்லாதபோது நம் குரலுக்குப் பதிலாக நிற்பவை இக்குறிகளே. எழுதி முடித்ததும் ஒருமுறை திரும்பிப் படியுங்கள். ஒவ்வொரு காற்புள்ளியிடமும், ‘நீ மூச்சுக்காக நிற்கிறாயா, பொருளுக்காக நிற்கிறாயா?’ எனக் கேளுங்கள். மூச்சுக்காக நிற்பதை எடுத்துவிடுங்கள். பொருளுக்காக நிற்பதை யார் சொன்னாலும் விட்டுக்கொடாதீர்கள்.